ஐந்நூறாவது இதழின் கடைசி எட்டுப் பக்கம்

பிப்ரவரி 3

கிறுக்கிக்கு,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி. போனில் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த மூன்று வருடத்தில் நாம் போனில் பேசிய லட்சணம் உனக்கே தெரியும். "நல்லா இருக்கியா?" என்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. உன் அண்ணன் நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆகவே போன் வேண்டாம், காகிதம்தான். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உட்கார். உட்கார்ந்தாயா? நம் இடிதாங்கிக்கு ஐந்நூறாவது இதழ் வருகிறது!

எந்தப் படக்கதை நாயகன் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறான், சொல். மின்னலை உடம்பில் வாங்கி, அதை முஷ்டியில் சேர்த்து எதிரி முகத்தில் இறக்கும் ஒரு முகமூடிக்காரன். அவ்வளவுதான் சரக்கு. அதை வைத்துக்கொண்டு மாதா மாதம் ஐந்நூறு தடவை கடைக்கு வந்திருக்கிறான். சிறப்பிதழ் குண்டாக வருகிறது. அவனை எழுதி வரைந்த பழைய ஜோடிகள் எல்லோரையும் தேடிப் பிடித்து, ஆளுக்கு எட்டுப் பக்கம் என்று ஆளுக்கொரு கதை கேட்டிருக்கிறார் நம் ஆசிரியர். ஆமாம், கத்தரிதான். அந்தப் பெயரை அவருக்கு வைத்ததே நீ. இன்னும் பக்கத்துக்குப் பக்கம் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நேற்று என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். போனால் மேஜை தெரியவில்லை, முழுக்கக் கடிதங்கள். "கடைசிக் கதைய எந்த ஜோடி செய்யணும்னு வாசகர்கள்கிட்ட கேட்டேன். மூட்டை மூட்டையா வந்திருக்கு. அண்ணியும் நாத்தனாரும்தான் வேணுமாம்" என்றார்.

"அவ என்கிட்ட பேசறதே இல்லையே சார்" என்றேன்.

"அது ஊருக்கே தெரியும். அதனாலதான் கேக்கறாங்கன்னு நினைக்கறேன்" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்க 'மழை இரவு' இருக்கே, அதையே எடுத்து மறுபடி போட்டுடறேன்" என்றார்.

'மழை இரவு'! உலகத்தில் வேறு கதையே கிடைக்கவில்லை அவருக்கு. மார்ச் கடைசிக்குள் எட்டுப் பக்கமும் அச்சகத்துக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் அதுதான் வரும், ஐந்நூறாவது இதழின் கடைசியில், நம் இரண்டு பேர் பெயரோடு.

நீ இல்லாமல் நான் செய்ய மாட்டேன். அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். வருகிறாயா இல்லையா?

உன் அண்ணி


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

நான் இப்போது என்ன வரைகிறேன் என்று அண்ணன் சொல்லியிருப்பான். லிஃப்டுக்குள் ஒட்டும் படங்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் பதறாதே, மணியை அழுத்து, கதவைப் பிளக்காதே. என் மனிதர்களுக்கு முகம் கிடையாது, உருண்டைத் தலை மட்டும்தான். ஒரு நாள் ஆசைக்கு ஒருவனுக்கு மூக்கு வைத்தேன். மேலாளர் பார்த்துவிட்டு, "மூக்கு போட்டா யாரோ ஒருத்தர் மாதிரி ஆயிடுதும்மா. வேணாம், எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன். வேலை நிம்மதியாக இருக்கிறது. இங்கே யாரும் என் படத்தின் மேல் எதையும் ஒட்டுவதில்லை.

நீங்கள் 'மழை இரவு' என்று பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் தாண்டப்போவதில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். மருத்துவமனை மொட்டைமாடியில் அவன் ஒற்றை ஆளாக நிற்கிறான், மேலே வானம் முழுக்க மின்னல். அந்த வானத்துக்காக என் மணிக்கட்டு வீங்கியது. தைலம் தேய்த்துவிட்டது நீங்கள்தான். தேய்த்த அதே கையால் அந்த வானத்தின் மேல் பதினொரு வசன பலூன் ஒட்டினீர்கள். அச்சாகி வந்ததைப் பிரித்தால் வானத்தைக் காணோம், வசனம்தான் இருக்கிறது. மின்னலை வாங்குகிறான், வாங்கிக்கொண்டே பேசுகிறான், கடமை என்கிறான், தாய் என்கிறான், விடியல் என்கிறான். மின்னல் அடிக்கும்போது யார் அண்ணி இவ்வளவு பேசுவார்கள்?

நீங்கள் கதை எழுதி, நான் படம் போட்டு, பிறகு நீங்கள் வசனம் போடுவீர்கள் என்பதுதான் நம் வழக்கம். அதில் கடைசிக் கை எப்போதும் உங்களுடையது. நான் முடித்தபிறகும் நீங்கள் முடிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

ஒப்புக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன்.

இன்னொன்று. இப்போது வரைபவர் யார்? மேலங்கியைக் கொடியில் காயப்போட்ட துண்டு மாதிரி வரைகிறார். ஒவ்வொரு மாதமும் கடையில் நின்று பார்த்து வயிறெரிகிறேன். வாங்குவதில்லை. சரி, வாங்குகிறேன்.

நாத்தனார்


பிப்ரவரி 14

கிறுக்கி,

வாங்குகிறாயா! மாதா மாதமா! உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கையில் இருந்த பற்பசையோடு வந்து கேட்டுவிட்டு, "அவ வந்துடுவா" என்று சொல்லிப் போய்விட்டார். பல் டாக்டருக்கு ஆரூடமும் தெரியும் போலிருக்கிறது.

ஆனால் நீ மட்டும் பட்டியல் போடுவாயா? நானும் கொஞ்சம் போடுகிறேன். 'மழை இரவு' வந்த அடுத்த மாதம், போகிற போக்கில் நீ வரைந்து கொடுத்துவிட்டுப் போன கடைசி இதழ். அதில் ஒரு வில்லி வந்தாளே, துரு அரசி. தொட்டதெல்லாம் துருப்பிடிக்கும். மூக்கு யாருடையது? என்னுடையது. கண்ணாடி? என்னுடையது. தலையில் குத்தியிருந்த கிளிப்பில் ஒரு பல் உடைந்திருந்ததே, அதுவும் என்னுடையது. நான் வசனம் எழுதி முடிக்கும்வரை எனக்கே தெரியவில்லை, "இந்த முகத்த எங்கயோ பாத்திருக்கோமே" என்று யோசித்துக்கொண்டே எழுதினேன். இதழ் வந்த மறுநாள் உன் அண்ணனிடம் பல் பிடுங்க வந்த ஒருத்தர், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "டாக்டர், துரு அரசி உங்க வீட்டம்மாதானே?" என்றாராம். நான் உன் வானத்தை மறைத்தேன், நீ என் மானத்தை வாங்கினாய். இதற்கு மேல் யார் யாரைக் குறை சொல்வது?

கதை தயார். சொல்கிறேன் கேள்.

இந்தக் கதையில் எதிரியே இல்லை. எல்லா எதிரிகளும் தோற்றுப் போன மறுநாள். ஊரே இருட்டு. ஏனென்றால் ஊரின் மின்சாரம் முழுவதும் இடிதாங்கி உடம்புக்குள் இருக்கிறது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதை எதிரி முகத்தில் இறக்குவது. எதிரி இல்லையென்றால் எங்கே இறக்குவான்? யாரையும் தொட முடியாது, எதன்மேலும் சாய முடியாது. அவனுக்கு அந்தக் கவச உடையைத் தைத்துக் கொடுத்த கம்பிக்காரி ஒருத்தி இருந்தாள் அல்லவா, நானூறாவது இதழ் வாக்கில் சண்டை போட்டுக்கொண்டு போனாளே, அவள் வீட்டுக்கு நடக்கிறான். மழையில் ஊரைக் கடந்து போகிறான். கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். எப்படியோ மின்சாரம் அவனிடமிருந்து இறங்குகிறது, ஊருக்கு வெளிச்சம் வருகிறது.

எப்படி இறங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மண்டையைக் குடைந்து பார்த்துவிட்டேன். கைகொடுக்கிறாள், அணைக்கிறாள் என்றெல்லாம் போட்டால் அவள் கரிக்கட்டை ஆகிவிடுவாள். வரையும்போது உனக்கு ஏதாவது தோன்றினால் போட்டுக்கொள்.

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணி, அண்ணி, அண்ணி!

எதிரி இல்லாத இடிதாங்கி! யாருக்கு அண்ணி இது தோன்றும்? அலுவலகத்தில் உறையைப் பிரித்தேன். படித்து முடித்தபோது என் மேஜையில் இருந்த லிஃப்ட் படத்தில் உருண்டைத் தலையனுக்கு முகமூடி வந்திருந்தது, மேலங்கியும் வந்திருந்தது. மேலாளர் அந்தப் பக்கம் வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இவன் இருந்தா லிஃப்ட் நின்னாலும் யாரும் பதற மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருகிறேன். போதுமா? எழுத்தில் கொடுத்துவிட்டேன், இனிமேல் மாற்றிப் பேச முடியாது.

சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். வீடெல்லாம் தாள். முதல் பக்கம் மூன்று தடவை வரைந்து மூன்றையும் எறிந்துவிட்டேன். நான்காவது நின்றது. அவன் நடை எனக்குத் திரும்பி வந்துவிட்டது. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடப்பானே, மறந்திருக்குமோ என்று பயந்தேன். கை மறக்கவில்லை. அழுகையாக வந்தது, தாளில் விழாமல் தள்ளிப்போய் அழுதேன்.

எப்படி இறங்குகிறது என்பதும் எனக்குத் தோன்றிவிட்டது. சொல்ல மாட்டேன்.

அதைத் தவிர இன்னொரு ஆச்சரியமும் வைத்திருக்கிறேன், உங்களுக்கென்றே. கேட்காதீர்கள். பார்சல் வரும்போது தெரியும். இந்தத் தடவை நீங்கள் என்னைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது.

கிறுக்கி


பிப்ரவரி 26

அடி கழுதை,

எழுத்தில் கொடுத்ததைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று பார்க்கிறேன்.

நீ மட்டும்தான் ஆச்சரியம் வைப்பாயா? எனக்கும் ஒன்று இருக்கிறது. நான் இதுவரை எந்தக் கதைக்கும் செய்யாததை இந்தக் கதைக்குச் செய்திருக்கிறேன். செய்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. உன் அண்ணன் எட்டிப் பார்க்க வந்தார், காகிதத்தை மறைத்தேன். "கல்யாணமான நாள்லேர்ந்து நீ எதையும் என்கிட்ட சொல்லாம இருந்ததே இல்லையே" என்று கவலைப்பட்டார். அதுதான் சங்கதி என்று நினைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

உன் பக்கங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. வசனத் தாளை முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன். எதிரும் புதிருமாகப் போகட்டும். நீ ஒரு பக்கம் பிரி, நான் ஒரு பக்கம் பிரிக்கிறேன். அது ஒரு சுகம்தானே?

அண்ணி


மார்ச் 11

என்ன காரியம் செய்துவிட்டாயடி?

பார்சல் காலையில் வந்தது. சாப்பாட்டைக்கூட அப்படியே வைத்துவிட்டுப் பிரித்தேன். எட்டுப் பக்கத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். உன் அண்ணன் ஒரு முனையில் நின்றார், நான் ஒரு முனையில் நின்றேன்.

அவன் நடை அப்படியே இருக்கிறது. இருட்டில் ஒரு தெரு வரைந்திருக்கிறாயே, ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் ஆள் இருப்பது தெரிகிறது. ஆனால் எல்லோரும் கட்டத்தின் அடியில் ஒதுங்கிப்போய் நிற்கிறார்கள்! தெரு கீழே, வீடு கீழே, அவன் கீழே. மேலே பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. வானம் இல்லை, மின்னல் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. ஒவ்வொரு வெள்ளையின் மூலையிலும் பென்சிலில் பொடியாக எழுதியிருக்கிறாய்: "அண்ணி பேச."

உலகத்தில் எந்த வானத்தையும் விட்டுக்கொடுக்காதவள், எனக்காக எட்டுப் பக்க வானத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இந்நேரம் நான் அனுப்பியது உன் கையில் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

என்னடி செய்வது இப்போது?

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

உங்கள் வசனத் தாள்கள் வந்தன. ஒரு பக்கத்துக்கு ஒரு தாள், எட்டுத் தாள். ஒவ்வொன்றின் தலையிலும் பக்க எண், அடியில் ஒரே வரி: "இந்தப் பக்கத்துக்கு வசனம் இல்லை. வானம் முழுவதும் உன்னுடையது."

முதலில் சிரித்தேன். பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "என்னாச்சு?" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். மூன்று வருடம் நீங்கள் பேசியதற்காகக் கோபித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை பேச இடம் விட்டேன். அந்த ஒரு தடவை பார்த்து வாயை மூடிக்கொண்டீர்கள்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மை காய்ந்துவிட்டது அண்ணி. மறுபடி வரைய நாள் இல்லை. பக்கங்களும் உங்களிடம் இருக்கின்றன. 'மழை இரவு' வந்துவிடுமா?

கிறுக்கி


மார்ச் 13

கிறுக்கி,

எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன். வெள்ளையை நிரப்ப வசனம் போட்டால், போட்டது அத்தனையும் ஓட்டையை அடைக்க வைத்த துணி மாதிரி இருக்கிறது. "எங்கே போகிறேன்? எதற்காகப் போகிறேன்?" என்று அவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நடக்கிறான். எங்கே போகிறான் என்பதுதான் படத்திலேயே தெரிகிறதே. அடித்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் பக்கங்களைக் கத்தரியிடம் எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். எட்டுப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தலையில் கையை வைத்துக்கொண்டார். "சண்டை போட்டப்பகூட உங்களால கதை கெடலை. இப்ப ஒருத்தருக்கு ஒருத்தர் மரியாதை குடுத்து மொத்தமா கெடுத்துட்டீங்களேம்மா!" என்றார்.

"கொஞ்சம் நாள் குடுங்க சார்."

"அச்சகம் எனக்கு மாமனார் வீடு இல்லம்மா. மத்த கதை எல்லாம் வந்தாச்சு. அடுத்த வாரக் கடைசிக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லாட்டி அந்த மழைக் கதையப் போட்டு முடிச்சுக்கறேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமாக வந்தது. அவர்மேல் இல்லை, நம்மேல்தான். இத்தனை பேர் எழுதிக் கேட்டார்களே, அவர்களுக்கு அந்தப் பழைய சண்டையை எடுத்தா கொடுப்பது? நீ எனக்கு விட்ட இடத்தை நான் வீணாக்க மாட்டேன். ஆனால் எப்படி என்று தெரியவில்லை. நீ சொல். இந்தத் தடவை நீ சொல்கிறபடி நான் செய்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். எட்டாம் பக்கத்தில் கம்பிக்காரி கதவைத் திறந்துவிட்டு, கீழே விரலைக் காட்டுகிறாள். அடுத்த கட்டத்தில் ஊரெல்லாம் வெளிச்சம், கதவு சாத்தியிருக்கிறது. நடுவில் என்ன ஆயிற்று? எனக்குப் புரியவில்லை. அப்புறம், அந்தக் கடைசிக் கட்டத்தில் கதவோரம் மை சிந்தியிருக்கிறது போலிருக்கிறது, இரண்டு கறுப்புத் திட்டு. பிளேடால் சுரண்டி எடுத்துவிடட்டுமா?

அண்ணி


மார்ச் 16

அண்ணி,

சுரண்டினால் கொலை விழும். அது மை இல்லை. தொடாதீர்கள்!

வழி கிடைத்துவிட்டது. இன்று லிஃப்டில் கிடைத்தது. ஆமாம், நிஜ லிஃப்டில்தான். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் போன மாதம் பெரிய சண்டை போட்டுக்கொண்டவர்கள். இன்று அவர்களும் நானும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டோம். ஒருத்தர் வாயைத் திறந்தார், மூடினார். இன்னொருத்தர் "அது வந்து..." என்பதுபோல் கையைத் தூக்கினார், கீழே விட்டார். ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் அண்ணி, அங்கே அமைதியாகவா இருந்தது? அவர்கள் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் லிஃப்டை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு மூச்சு முட்டியது.

பலூன் போடுங்கள். எல்லா வெள்ளையிலும் போடுங்கள். உள்ளே எதுவும் எழுதாதீர்கள்.

அவன் வழியெல்லாம் அவளிடம் என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடக்கிறான். ஒன்றும் வரவில்லை. வெற்றுப் பலூன். கதவைத் தட்டியதும் அவளுக்கும் வெற்றுப் பலூன்தான். உங்களுக்கு நான் விட்ட இடமும் இருக்கும், நீங்கள் எனக்காக எழுதாமல் விட்டதும் இருக்கும். ஒன்றும் வீணாகாது!

பலூன்களை வரைய வேண்டியது நீங்கள். எனக்கு அனுப்பித் திரும்பி வர நாள் இல்லை. முடியாது என்று சொல்லக்கூடாது, நான் சொல்கிறபடி செய்வதாக எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். எட்டாம் பக்கத்தில், விரலைக் காட்டுகிறாளே, அந்தக் கட்டத்தின் பலூனில் மட்டும் வசனம் உண்டு. கதையில் ஒரே ஒரு வசனம். அதை நான் எழுதுகிறேன். எழுதி நேராக அச்சகத்துக்கு அனுப்புகிறேன். இதழ் வரும்வரை உங்களுக்கும் தெரியக்கூடாது.

சம்மதமா? உங்கள் கதைக்கு இதுவரை வேறு யாரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

கிறுக்கி


மார்ச் 21

கிறுக்கி,

உன் கடிதத்தைப் படித்ததும் கத்தினேன். உன் அண்ணன் ஒரு நோயாளியை வாயைப் பிளந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தார்.

சம்மதம். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். என் கதையின் ஒரே வசனத்தை இன்னொருத்தி எழுதுவாள், அதை நான் கடையில் போய்ப் படிக்க வேண்டும். இத்தனை வருடமாக உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. அதோடு விடு.

பலூன் வரைவது என்ன பெரிய வித்தை, முட்டை மாதிரி ஒரு வட்டம்தானே என்று நினைத்தேன். முதல் வட்டம் உருளைக்கிழங்கு ஆயிற்று. பழைய தாளில் போட்டுப் போட்டுப் பழகினேன். இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. வெற்றுப் பலூன் என்றாலும் எல்லாம் ஒரே பலூன் இல்லையடி! கிளம்பும்போது அவனுக்குப் பெரிய பலூன், நிறையச் சொல்லப் போகிறவன் போல. பாலத்தில் கொஞ்சம் நடுங்குகிறது. மழை வலுத்ததும் ஓரம் கிழிகிறது. அவள் தெருவுக்கு வந்ததும் சின்னச் சின்னதாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. கதவைத் தட்டும்போது பட்டாணி அளவு. அவளுடைய முதல் பலூன் மட்டும் முள்ளு முள்ளாக, கோபமாக. அதை வரையும்போது உன்னை நினைத்துக்கொண்டேன், நன்றாக வந்தது.

தாளை ஊதி ஊதிக் காயவைத்தேன். இன்று காலை கத்தரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எட்டாம் பக்கத்தில் 'வசனம் பின்னால் வரும்' என்று நான் குறித்திருந்த பலூனைத் தொட்டு, "இதுல என்ன வருது?" என்றார்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கோடுகூட வெட்டாமல் உறைக்குள் போட்டு ஒட்டினார். அவர் வெட்டாமல் விட்டதை என் கண்ணால் பார்த்தேன், சத்தியம்!

'மழை இரவு' வராது. கேட்டாயா? வராது!

அண்ணி


மார்ச் 25

அண்ணி,

வசனம் போய்ச் சேர்ந்தது. அச்சகத்தில் ரசீது கொடுத்தார்கள். ஐந்து வார்த்தை. என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் வசனம். நீங்கள் திட்டுவீர்களோ என்று ரசீதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பிழைப்பை எப்படி இத்தனை வருடம் பிழைத்தீர்கள்?

கிறுக்கி


ஏப்ரல் 16

என் கண்ணே,

வந்துவிட்டது! கனமாக இருக்கிறது, கையில் வாங்கியதும் மணிக்கட்டு தாழ்ந்தது. அட்டையில் அவன் நிற்கிறான், பின்னால் பழைய அட்டை அத்தனையும் பொடிப்பொடியாக.

கத்தரி எனக்கு முன்னாலேயே பிரதி அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். கடையில்தான் பார்ப்பேன் என்று உன் அண்ணனையும் இழுத்துக்கொண்டு கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். எங்களுக்கு முன்னால் வரிசை! பள்ளிப் பை மாட்டியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், மோட்டார் கடை எண்ணெய்க் கையோடு ஒருத்தர். அவர் இதழைத் தொடாமல் கடைக்காரரையே பையில் போடச் சொன்னார், அழுக்காகிவிடுமாம்.

வாசலிலேயே நின்று படிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் ஒன்பது கதைக்கும் சிரிப்பு, கைதட்டல். நம் கதை வந்ததும் சத்தம் அடங்கியது. அச்சுப் பிழை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்களோ என்று பயந்தேன். அப்போது ஒரு பெண் தன் தங்கைக்கு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். வெற்றுப் பலூனை! "'நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது'ன்னு சொல்லப் பாக்கறான்டி" என்றாள். தங்கை, "இல்ல, 'நீதான் முதல்ல ஆரம்பிச்ச'ன்னு சொல்லப் பாக்கறான்" என்றாள். எண்ணெய்க் கைக்காரர் எட்டிப் பார்த்து, "ரெண்டும்தான்" என்றார். மூன்று பேரும் எட்டுப் பக்கமும் அப்படியே படித்தார்கள். நான் எழுதாத வசனத்தை இவ்வளவு அழகாக யாரும் படித்ததில்லை.

பிறகுதான் நான் எட்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

"முதல்ல பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வா."

நடுத்தெருவில் நின்று அழுதேன். சிரித்தேனா அழுதேனா என்று உன் அண்ணனுக்கே புரியவில்லை. அந்த ரப்பர் பூட்ஸை அவனுக்கு மாட்டிவிட்டதே நான்தான், நான் எழுத வந்த முதல் இதழில், கம்பீரமாக இருக்கட்டும் என்று. ரப்பர் போட்டுக்கொண்டு நிற்பவனுக்கு மின்சாரம் எப்படித் தரையில் இறங்கும்? கழற்றிவிட்டு நின்றால் தானாக இறங்கிவிட்டுப் போகிறது. எதிரியும் வேண்டாம், முஷ்டியும் வேண்டாம். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாள் தோன்றியதா? விரலைக் கீழே காட்டுகிறாளே, அது அவன் காலை! கதவோரம் இருந்த இரண்டு கறுப்புத் திட்டும் அவன் பூட்ஸ்! நான் சுரண்டி எடுக்கப் பார்த்தேனே, பாவி!

இதைவிட நல்ல வசனம் என்னால் எழுத முடியாது. ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். என் வாயால் இதைச் சொல்ல வைத்துவிட்டாய், சந்தோஷம்தானே?

கத்தரி மாலையில் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை. "ஐந்நூத்தி ஒண்ணாவது இதழ்லேர்ந்து நீங்க ரெண்டு பேரும்தான். அவங்ககிட்ட நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்கிறேன். எனக்காக இல்லை என்று சொன்னால் பொய். எனக்காகத்தான் கேட்கிறேன். உனக்கு அந்த லிஃப்ட் வேலை நிம்மதி என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். அடுத்த கதை தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்மதம் என்றால் எழுதி அனுப்புகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

வேலையை விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே விட்டுவிட்டேன், அதனால் நீங்கள் வற்புறுத்தியதாக யாரும் சொல்ல முடியாது. மேலாளர் நம் கதையை மேஜையில் விரித்து வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியும்மா, போயிட்டு வா" என்றார்.

சாமான் எல்லாம் கட்டியாயிற்று. மைப்புட்டிகளைத் துணியில் சுற்றி நடுவில் வைத்திருக்கிறேன்.

அடுத்த கதையை எழுதி அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நேரில் சொல்லுங்கள், கேட்கிறேன். சண்டை வரும். வரட்டும் அண்ணி.

கிறுக்கி